உங்களுக்குத் தெரியுமா? மூஞ்சூறு எலி அல்ல!

பிள்ளையாரின் வாகனம் என்று நாம் சொல்லும் மூஞ்சூறுக்கும் எலிக்கும் நெருங்கிய உறவே கிடையாது. எலி கொறித்துண்ணி. மூஞ்சூறோ அகழெலி, முள்ளெலி ஆகியவற்றின் வரிசையில் வரும் பூச்சியுண்ணி. நம் வீட்டுக் கரப்பான்பூச்சிதான் அதன் விருந்து. குட்டிகள் வெளியே கிளம்பும் அழகைப் பார்க்க வேண்டும்! தாயின் வாலடியை ஒன்று கவ்வ, அதன் வாலடியை அடுத்தது கவ்வ, ரயில்பெட்டிகள்போல வரிசையாக ஓடும்.

பெயர் குழப்பம் கரைப்பறவைக்கும் உண்டு. குருவி அளவே உள்ள கரண்டிமூக்கு உள்ளானை 1758இல் லின்னேயஸ் கரண்டிவாயன் நாரைகளின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். அலகின் நுனி கரண்டிபோல் தட்டையாக இருந்ததே காரணம். உண்மையில் அது உள்ளான் குடும்பம். கடற்காகங்களும் ஆட்காட்டிகளும் அதே வரிசைதான்.

இன்றைய நிலையில் இரண்டும் இரு துருவங்கள். ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் வீட்டு மூஞ்சூறு கவலைக்கு இடமில்லாத பிரிவில் இருக்கிறது. மனிதர்களோடு கப்பலேறிப் பல நாடுகளுக்குப் பரவிய உயிர் அது. உள்ளானோ 2008 முதல் அழிவின் விளிம்பில் நிற்கிறது. எஞ்சியவை சில நூறு மட்டுமே. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்து, தென்கிழக்கு ஆசியாவுக்கு வலசை போகும் வழியில் அது இரைதேடும் மஞ்சள்கடல் சேற்றுப்பரப்புகளைத் தூர்த்து நிலமாக்கியது பெருங்கொடுமை. நம் கோடியக்கரையிலும் ஒருகாலத்தில் காணப்பட்ட பறவை இது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே அதன் குஞ்சுக்குக் குட்டிக் கரண்டி இருக்கும்.