பனியும் மண்ணும் சொல்லும் சாட்சியம்

எழுத்து தோன்றுமுன் நிகழ்ந்தவற்றுக்குச் சாட்சி யார்? கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கிறது. எரிமலை வெடிக்கையில் வானேறும் கந்தக வாயு அமிலமாகி அப்பனியில் படிகிறது. சில வேளை நுண்சாம்பலும் உடன் சேர்கிறது. அடுக்கு காலத்தை அறிவிக்கும். சாம்பலின் வேதியியல் அமைப்பு எந்த மலை என்பதை அறிவிக்கும்.

சுமத்ராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அக்காலத்துக்குரிய அமிலச் சுவடுகள் இரு துருவப் பனியிலும் உள்ளன. அதன் சாம்பலைக் காணவோ துருவம்வரை செல்ல வேண்டியதில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் ஜுவாலாபுரத்தில் அது 2 மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் மண்ணடியில் படிந்துள்ளது.

அவ்வெடிப்பால் மனித இனமே அழிவின் விளிம்பை எட்டியது என அறிஞர் சிலர் கருதினர். மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலியோர் அவ்வூரில் நிகழ்த்தி 2007இல் வெளியிட்ட ஆய்வோ, சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கற்கருவிகள் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டிற்று. அங்கு வாழ்ந்தோர் அப்பேரிடரைக் கடந்து பிழைத்திருக்கலாம் என்பது அவர்தம் முடிவு. இதனை மறுப்போரும் உளர்.

வெடிப்பின் காலத்தைப் பனி சொல்லும்; மக்கள் பிழைத்தனரா என்பதை மண்ணிடமே கேட்க வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தல் ஆய்வுக்கும் அழகன்று.