குடிலுக்கு ஒளியூட்டுவோர் கவனத்திற்கு

கார்த்திகை முடியுமுன்னரே மதுரையில் நம் வீட்டு வாசல்களில் காகித விண்மீன்கள் ஏறிவிடுகின்றன. 1223ஆம் ஆண்டு கிரேச்சோ ஊரில் தூய பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலுக்குத் தீப்பந்தங்களும் மெழுகுதிரிகளும் ஒளி தந்தன. 1882இல் நியூயார்க்கில் எடிசனின் தோழர் எட்வர்டு ஜான்சன் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். நம் தலைமுறைக்கோ சீரியல் செட்டுதான்! ஒரு பல்பு போனால் சரமே அணையும். குற்றவாளியைத் தேடி இரவெல்லாம் கழியும்.

இன்று பிள்ளைகள் வாங்கி வரும் 'பிக்சல்' சரம் வேறு வகையானது. ஒவ்வொரு விளக்கினுள்ளும் ஒரு நுண்சில்லு உண்டு. கட்டுப்பாட்டுக் கருவி அனுப்பும் செய்தியில் முதல் விளக்கு தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை அடுத்ததற்குக் கடத்துகிறது, பந்தியில் சோற்றுப் பாத்திரம் கைமாறுவது போல. ஆகவே செய்தி ஒரு முனையிலிருந்தே நுழைய வேண்டும். முனை மாறினால் ஒன்றும் எரியாது.

'டபிள்யூலெட்' என்னும் இலவச மென்பொருளை ஏற்றிய சிறு பலகையே பல வீடுகளில் கருவியாகிறது. கைப்பேசியை அதன் வைஃபையில் இணைத்து 4.3.2.1 என்னும் முகவரியைத் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். 30 விளக்குகளே உண்டென அது முதலில் எண்ணிக்கொள்ளும். 150 இருப்பின் நாம்தான் சொல்லவேண்டும். மின்னோட்டத்தையும் 850 மில்லியாம்பியரில் நிறுத்தி வைத்திருக்கும். ஒளி மங்கலாய் இருக்கிறதென்று கடைக்காரரைக் கடிந்துகொள்ளுமுன் இதைப் பாருங்கள். ஆனால் அடாப்டரின் தாங்குதிறனுக்கு மேல் அதை உயர்த்தலாகாது. 5 வோல்ட் விளக்குகள் 150 முழு வெண்மையில் எரிய 9 ஆம்பியர் வரை வேண்டும். சரத்தின் கடைசியில் வெள்ளை செம்மஞ்சளாய் மாறினால், அம்முனைக்கும் அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும்.

திருவருகைக் காலத்தில் குடிலுக்கு ஊதா நிற ஒளி தர எங்கள் வீட்டில் விரும்பினோம். மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்பு, பிறப்பு விழாவில் வெண்மை. முதல் ஞாயிறு மாலை ஊதாவைத் தேர்ந்தால் மயில்கழுத்து நிறம் எரிந்தது! சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையை எதிர்பார்க்கும் சரத்துக்குப் பச்சையை முதலில் அனுப்பிக்கொண்டிருந்தது கருவி. வரிசையை மாற்றியதும் ஊதா வந்தது. மிதமான ஊதாவுக்கு, முழு வெண்மைக்கு வேண்டிய மின்னோட்டத்தில் மூன்றிலொரு பங்கே போதும் என்பது எங்களுக்குக் கிடைத்த உபரி இலாபம்.

இனிச் சொல்வது விளையாட்டன்று. 5 வோல்ட் சரம் நம்மை அடிக்காது. அதற்கு உணவூட்டும் 230 வோல்ட் அடிக்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப்பார்க்கும் ஊர் நமது. சென்ற ஆண்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் நான் விட்டுவைத்த நீட்டிப்புப் பெட்டி மழையில் நனைந்தது. துணி எடுக்கச் சென்ற என் தாயாரின் விரல்கள் அதிர்ந்தன. அவர் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்றிருந்தார். செருப்பில்லாமல் போனதற்காகத் தம்மையே நொந்துகொண்டார், பிழை என்னுடையது. அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தினோம். அடாப்டரும் பெட்டியும் இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சரத்தின் கம்பி மட்டும் சன்னல் வழியே வெளியே செல்கிறது. விளக்குச் செலவில் இதற்கே முதலிடம் தாருங்கள்.

நள்ளிரவு 12 மணிக்குக் குடில் தானாகவே வெண்மையாகும்படி நேரம் குறிக்கவும் கருவியில் வசதியுண்டு. ஆயினும் அந்நேரத்தில் மின்தடை ஏற்பட்டால் குறித்த நேரம் கடந்துவிடும். மின்சாரம் திரும்பியதும், நாம் வேறு அமைத்திராவிட்டால், ஆரஞ்சு நிறமே எரியும். எனவே நாங்கள் அதைக் கைக்கே விட்டுவிட்டோம். கீழவெளி வீதிப் பேராலயத்தில் இரவுத் திருப்பலி முடிந்து வீடு சேர்ந்ததும் இளைய மகள் பாலன் இயேசுவை முன்னணையில் கிடத்துவாள். மூத்தவன் பொத்தானை அழுத்துவான்.