காத்திருப்பதற்கும் கூலி உண்டு

துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் நம்மவர்களுக்கு டெமரேஜ் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பத்திரம் பிந்தி, கொள்கலன் நான்கு நாட்கள் கூடுதலாக அங்கே கிடந்துவிட்டால், அந்த நான்கு நாட்களுக்கும் காசு கட்டுகிறோம். முணுமுணுத்துக்கொண்டாவது கட்டிவிடுகிறோம். ஆனால் அதே சரக்கை ஏற்ற வந்த லொறிச் சாரதி காலையிலிருந்து மாலை வரை வாசலில் நின்றுவிட்டு "வெயிட்டிங்" கேட்டால், "நீர் சும்மாதானே இருந்தீர்?" என்கிறோம். இரும்புப் பெட்டி சும்மா கிடந்தால் காசு உண்டு. மனிதன் காத்து நின்றால் காசு இல்லை.

இது புறக்கோட்டையில் மட்டும் உள்ள பிரச்சினையல்ல. நல்ல சம்பளம் வாங்குபவர்கள் என்று நாம் நினைக்கும் விமானிகளும் தமது கம்பனிகளோடு மல்லுக்கு நிற்பது பல வேளைகளில் இதே கணக்குக்காகத்தான்.

விமானியின் வருமானத்தில் ஒரு பெரும் பகுதி, பல நாடுகளில், பறந்த மணித்தியாலங்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. விமானம் புறப்படுவதற்காக நகரத் தொடங்கும் நேரம் முதல், தரையிறங்கித் தரிப்பிடத்தில் நிற்கும் நேரம் வரைதான் அந்தக் கணக்கு. அதற்கு முன்னர் காலநிலை அறிக்கை பார்ப்பது, எரிபொருள் கணக்குப் பார்ப்பது, விமானத்தைச் சுற்றிவந்து பரிசோதிப்பது, பிந்தி வரும் விமானத்துக்காகக் காத்திருப்பது எதுவும் இந்த மணித்தியாலத்தில் சேராது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஒரு விமானி வருடத்துக்கு 1000 மணித்தியாலங்களுக்கு மேல் பறக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மாதத்துக்குச் சராசரி 83 மணித்தியாலம். "இவ்வளவுதானா வேலை?" என்று கேட்கத் தோன்றும். கடைக்குப் பூட்டுத் திறப்பதையும் சாமான் அடுக்குவதையும் விட்டுவிட்டு, பில் எழுதிய நேரத்தை மட்டும் வேலை என்று சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

இனி ஸ்டேண்ட்பை என்ற விடயத்துக்கு வருவோம். ஒருவர் திடீரென்று சுகவீனமுற்றாலோ, ஒரு விமானம் பிந்தினாலோ, உடனே அழைப்பதற்குச் சில விமானிகளைத் தயார்நிலையில் வைத்திருப்பார்கள். வீட்டில் இருக்கலாம், ஆனால் தூரப் பயணம் போக முடியாது. தொலைபேசியை அணைக்க முடியாது. அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த நாள் அப்படியே போய்விடும்.

இந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகளின்படி, விமான நிலையத்தில் தயார்நிலையில் இருக்கும் நேரம் முழுவதும் கடமை நேரமே. வீட்டில் தயார்நிலையில் இருப்பது 16 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. அதில் நான்கில் ஒரு பங்கு கடமை நேரமாகக் கொள்ளப்படும். அதாவது எட்டு மணித்தியாலம் வீட்டில் காத்திருந்தால் இரண்டு மணித்தியாலம் கணக்கில் ஏறும். அமெரிக்காவிலும் 2014 ஜனவரி முதல், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் பறப்புக் கடமையோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதிகள் எல்லாம் களைப்பையும் ஓய்வையும் பற்றியவை. களைத்த விமானி விமானத்தை ஓட்டக் கூடாது என்பதற்காக வந்தவை. காத்திருப்பதற்கு எவ்வளவு பணம் என்று அவை சொல்வதில்லை. அதைக் கம்பனியும் விமானியும் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். அந்த ஒப்பந்தத்தில் உள்ள "குறைந்தபட்ச மணித்தியாலம்" என்ற உறுதிதான் காத்திருப்பின் விலை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணித்தியாலத்துக்குச் சம்பளம் உண்டு என்பது அதன் பொருள்.

அந்த விலையில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது அயல்நாட்டிலேயே உதாரணம் உண்டு. டாட்டா குழுமமும் சிங்கப்பூர் எயார்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா, எயார் இந்தியாவோடு இணைவதற்கு முன்னர், 2024ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் விமானிகளுக்குப் புதிய சம்பள ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தது. முன்பு 70 மணித்தியாலத்துக்கு இருந்த நிலையான சம்பளம் 40 மணித்தியாலமாகக் குறைந்தது. அதற்கு மேல் பறந்தால் மேலதிகக் கொடுப்பனவு.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு விமானியை மாதத்தில் பல நாட்கள் ஸ்டேண்ட்பையில் போட்டு, 50 மணித்தியாலம் மட்டும் பறக்கவிட்டால், பழைய ஒப்பந்தப்படி அவருக்கு 70 மணித்தியாலச் சம்பளம். புதிய ஒப்பந்தப்படி 40, அதோடு மேலதிகமாக 10. இருபது மணித்தியாலச் சம்பளம் போய்விட்டது. அவர் வேலைக்கு வர மறுக்கவில்லை. கம்பனிதான் அவரை அழைக்கவில்லை.

முகாமைத்துவத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கூடப் பறப்பவருக்குக் கூடக் கொடுப்பது பிழையல்ல. இணையும் இரண்டு கம்பனிகளில் இரண்டு விதமான சம்பளம் வைத்திருக்கவும் முடியாது. ஆனால் விமானிகளுக்கு ஏற்கனவே நெருக்கமான நேர அட்டவணை. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் ஆரம்பத்திலும் பலர் சுகவீன விடுமுறை போட்டார்கள். விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரத்தாகின. இந்திய அரசாங்கம் விளக்கம் கேட்டது. கடைசியில் கம்பனி தினமும் 25 முதல் 30 வரையான விமானங்களைத் தானாகவே குறைத்துக்கொண்டது. அது மொத்தச் சேவையில் பத்தில் ஒரு பங்கு. மேலதிக ஆட்களைக் கைவசம் வைத்திருக்காதது பிழை என்பதைக் கம்பனித் தலைமையே பிறகு ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி விஸ்தாரா எயார் இந்தியாவோடு இணைந்தது.

இதே பாடத்தை 2025 டிசம்பரில் இண்டிகோவும் படித்தது. புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்றபடி போதிய விமானிகளை ஒழுங்கு செய்யாததால், சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை இரத்துச் செய்ய நேர்ந்தது.

எனக்கு இந்தப் பாடம் ஒரு லொறியால் வந்தது. வியாபாரம் மந்தமான ஒரு வருடத்தில், மாதச் சம்பளம் வாங்கிய சாரதியை ட்ரிப் கணக்குக்கு மாற்றினேன். லாபம் என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஓட்டமில்லாத நாட்களில் வேறு ஆட்களுக்கு ஹயர் ஓடினார். பெருநாளுக்கு முந்திய வாரம், கடை நிறைய ஓடர் இருந்த நேரத்தில், அழைத்தேன். "முதலாளி, இந்தக் கிழமை முழுக்க வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். அவரில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. மந்தமான மாதங்களில் நான் மிச்சம் பிடித்ததைவிட அந்த ஒரு வாரத்தில் இழந்தது அதிகம்.

ஆகவே, ஆட்களை வைத்துத் தொழில் செய்பவர்கள் மூன்று விடயங்களை யோசித்துப் பார்க்கலாம். சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, ஓட்டமில்லாவிட்டாலும் கிடைக்கும் ஒரு நிலையான தொகை வையுங்கள். ஓட்டத்துக்குத் தனியாகக் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு என்ன கணக்கு என்பதை, சிறு தொகையாக இருந்தாலும், முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். அதைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால், அறிவிப்பதற்கு முன்னர் அவர்களோடு உட்கார்ந்து கணக்கைக் காட்டுங்கள்.

கடையில் ஆள் சும்மா நிற்பதைப் பார்த்தால் முதலாளிக்கு மனம் பொறுக்காதுதான். ஆனால் அவசரத்துக்கு ஆள் இருக்கிறது என்ற நிம்மதி நமக்கு அந்தக் காத்திருப்பால்தான் கிடைக்கிறது. கொள்கலனுக்குக் கட்டும்போது அந்தச் சாரதியையும் நினைத்துக்கொள்வோம்.