சுண்டெலியின் சிறுநீரில் ஒரு செய்தி

மனிதனுடைய சிறுநீரைச் சோதனைக் குழாயிலிட்டுக் காய்ச்சும்போது அது வெண்மையாகக் கலங்குமேயானால், வைத்தியர் சிறுநீரகத்தில் ஏதோ பழுது நேர்ந்திருக்கிறதென்று ஐயுறுவார். ரத்தத்திலுள்ள புரதத்தை வெளியே போகவிடாமல் காப்பது அவ்வுறுப்பின் பிரதான கடமைகளுள் ஒன்றல்லவா? ஆனால் நம் வீடுகளில் நடமாடும் சுண்டெலியோ, பூரண ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே நாள்தோறும் ஏராளமான புரதத்தைச் சிறுநீரில் கழிக்கிறது. அதிலும் ஆண், பெண்ணைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு அதிகமாகவே கழிக்கிறது. இரைக்காக இரவெல்லாம் அலையும் ஒரு சிறு பிராணி இவ்வளவு அருமையான பொருளை வீணே சிந்துமா?

இப்புரதம் கல்லீரலில் உற்பத்தியாகி, ரத்தத்தில் கலந்து, உருவிற் சிறியதாகையால் சிறுநீரகத்தின் வடிகட்டியினூடே எளிதில் நழுவிவிடுகிறது. ஆணின் விரைகளை அகற்றிவிட்டால் இதன் அளவு வெகுவாகக் குறைகிறது. டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினால் மீண்டும் உயர்கிறது. பெண்ணுக்கு அதையே செலுத்தினாலும் புரதம் பெருகுகிறது. எனினும், அந்த ஹார்மோன் நேரே கல்லீரலுக்குக் கட்டளையிடுகிறதென்று எண்ணிவிடலாகாது. மூளையினடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை வெளியிடும் முறையை மாற்றியே, பெரும்பாலும், அது தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. ஆணின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஓய்ந்து ஓய்ந்து அலையலையாக எழுகிறது. பெண்ணிடத்தில் ஏறக்குறைய இடையறாது கசிந்துகொண்டிருக்கிறது. கல்லீரல் இந்தத் தாளத்தைக் கேட்டே புரதத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறதென்பது 1984-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் புலனாயிற்று. சரீர சாஸ்திரத்தில் என் மனத்தை இவ்வளவு ஈர்த்த ஏற்பாடு வேறில்லை.

ரத்தத்தோடு நின்றுவிடும் புரதங்களிலும் இந்த ஆண்-பெண் பேதம் உண்டு. சில வம்சத்து எலிகளில் ஆணின் ரத்தத்தில் மட்டுமே தென்படும் புரதம் ஒன்று 1970-இல் விவரிக்கப்பட்டது.

சிறுநீர்ப் புரதத்தின் பிரயோஜனத்துக்கு வருவோம். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு குழிவு இருக்கிறது. விரைவில் ஆவியாகிவிடக்கூடிய வாசனைப் பொருள்கள் அதனுள் ஒடுங்கிக்கிடந்து, ஆண் எலி வழியெங்கும் விட்டுச்சென்ற துளிகள் காய்ந்த பின்னரும் மெல்ல மெல்ல வெளிப்படுகின்றன. இவ்வினத்துப் புரதங்களுள் பெண்ணை ஈர்க்கும் ஒன்றுக்கு, 2010-இல் லிவர்ப்பூல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஜேன் ஆஸ்டின் படைத்த நாயகன் டார்சியை நினைந்து ‘டார்சின்’ என்று பெயரிட்டார்கள். பெண் சுண்டெலி ஆணின் சிறுநீர்க் கறையில் ஒரு முறை மூக்கைப் பதித்துவிட்டால் போதும். கறையை எடுத்துவிட்ட பிறகும், இரண்டு வாரம் வரையில், அது இருந்த இடத்தை மறவாமல் நாடிச் செல்கிறது.