டப்பாவுக்கு இடம் விடு, மாப்ள!

எங்க வெம்பக்கோட்டையில் சத்தம்தான் சோறு போடுகிறது. அப்படிப்பட்ட ஊரில், சத்தத்தைக் குறைக்க ராத்திரி பகலாக ஒருத்தன் மண்டையை உடைத்துக்கொண்டால்? வேறு யாருமில்லை... என் அக்கா மகன்தான்!

சென்னையில் ஏரோநாட்டிக்கல் படிக்கிறான். லீவுக்கு வரும்போது ஒரு விமானத்தையே கொண்டு வந்துவிட்டான். ரிமோட்டில் பறக்கும் மாடல். இறக்கை மட்டும் இரண்டரை மீட்டர், 50 சி.சி. பெட்ரோல் என்ஜின். திண்ணையில் விமானம், வாசலில் வீட்டுக்காரர்கள்!

"வெறும் என்ஜினை ஓட விட்டா ஊரே கூடிடும் மாமா. வயித்துக்குள்ள சைலன்சர் வைக்கப் போறேன்" என்று பிளாஸ்க் மாதிரி நீளமான அலுமினிய டப்பாவைக் காட்டினான்.

அத்தான் பட்டாசு ஆலையில் போர்மேன். முப்பது வருஷ சர்வீஸ். 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று வெடிக்கு விதி இருக்கிறதே... வெடித்துப் பார்க்கிற வேலையும் அவருக்குத்தான்.

"பெட்ரோல், சூடு, மரச்சட்டம்... மூணும் ஒரே பெட்டிக்குள்ளயா? வேண்டாம்ப்பா!" என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் வெடி விபத்தில் இருபது பேருக்கு மேல் போனார்களே... அன்றிலிருந்து குக்கர் விசிலுக்கே எழுந்து நிற்கிறவர்.

பையன் கேட்கவில்லை. சிநேகிதனின் ஒர்க்‌ஷாப்பில், டப்பாவை இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி என்ஜினை ஓட்டினான். ஐந்தே நிமிஷம்... கருகல் வாசனை! பிளைவுட் பழுப்பேறி, டப்பாவுக்குப் போகிற குழாயில் விரிசல்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவனை அத்தான் திட்டவில்லை. "அந்த டப்பா எப்படிச் சத்தத்தை அமுக்குது?" என்றார்.

"உள்ள புகை விரிய இடம் இருக்குப்பா. விரிஞ்சு, அழுத்தம் குறைஞ்சு மெதுவா வெளிய போகும்."

அத்தான் சிரித்துவிட்டார். "எங்க தொழிலைத் தலைகீழாப் போட்டிருக்கே! வெடியில சத்தம் மருந்துல மட்டுமா இருக்கு? சுத்துற காகிதத்துலயும் இருக்குடா. இறுக்கிச் சுத்தினா டமார், லூசா சுத்தினா புஸ்! புகைக்கு இடம் விட்ட நீ, டப்பாவுக்கு விட்டியா? சூடேறினா அது நீளுமே!"

அப்புறமென்ன... அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முன்பக்கம் என்ஜின் குழாயோடு டெஃப்லான் இணைப்பு. பின்பக்கம் சிலிக்கான் வளையம். டப்பா நீண்டால் அதற்குள் வழுக்கிக்கொள்ளும். சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி. மரச்சுவரில் அலுமினியத் தாள். பெட்ரோல் டேங்க் தள்ளி. மூக்கில் காற்று நுழைகிற துளையைவிட வால்பக்கம் வெளியேறுகிற வழி இரண்டு, மூன்று மடங்கு பெரிசு. சூடான காற்று விரியுமே!

"மருந்து ரூம்ல ஆள் ஓட வழி வேணும். இங்க சூடு ஓட வழி. அவ்வளவுதான்" என்றார் அத்தான்.

ஆனால் ஒரு கண்டிஷன்: ஆலை இருக்கிற பக்கம் என்ஜினை ஸ்டார்ட்டே பண்ணக்கூடாது! அதனால் கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத கரிசல் தரிசுக்கு வேனில் கிளம்பினோம்.

வழியில் மருமகன் ஒரு கதை சொன்னான். மெஷின்கன்னைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிம், 1894-ல் நீராவி விமானம் ஒன்றையும் செய்து பார்த்தவர். சுட்டுச் சுட்டே அவருக்குக் காது போய்விட்டது. துப்பாக்கிக்கு சைலன்சர் செய்து 1909-ல் காப்புரிமை வாங்கியது யார் தெரியுமா? அவர் பெற்ற பிள்ளை!

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

விமானம் ஜிவ்வென்று எழும்பி, தலைக்கு மேல் வட்டம் போட்டது. தையல் மெஷின் மாதிரி சன்னமான சத்தம்.

அத்தான் அண்ணாந்து பார்த்தபடி பதறினார்: "என்னடா, என்ஜின் நின்னுபோச்சா?"

மருமகன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னான்: "ஓடுதுப்பா! நீங்க வெச்ச டப்பா... அவ்வளவு அமைதி!"

அத்தான் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!