கியர்ப் பெட்டியில் ஒயில் ஒழுகுகிறதா?

ஒரு நாள் விடியற்காலையில் கடனீரேரிக் கரையில் இருவருடன் பேசிக்கொண்டு நின்றேன். இருவரும் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். கூலி வேலை, குத்தகைத் தோட்டம் என்று பல இடங்களில் அலைந்து, கடைசியில் கரையோரத்தில் தங்கிப் பங்குக்கு ஒரு வள்ளம் வாங்கியிருந்தார்கள். அதன் பின்புறத்தில் 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டப்பட்டிருந்தது.

விசிறியைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஓர் எண்ணெய்ப் படலம் மிதந்தது. "அது கனநாளா இருக்குது, பாதர். கிழமைக்கு ஒருக்கா கொஞ்ச ஒயில் விட்டா ஓடும்" என்றார் மூத்தவர்.

இரண்டு மாதங்களின் பின் நடுக்கடலில் கியர்ப் பற்கள் உடைந்தன. வேறொரு வள்ளம் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. திருத்துவதற்காக இளையவரின் மனைவி தன் சங்கிலியை அடைவு வைத்தார். பெட்டியைக் கழற்றியபோது விசிறிக்குப் பின்னால் ஒரு பிடி தங்கூசி இறுகிச் சுற்றியிருந்தது. அது சீலை அறுத்து, உள்ளே உப்புத் தண்ணீரை விட்டிருந்தது. ஒரு சிறிய றப்பர் வளையத்தின் பழுது முழுப் பெட்டியையும் தின்றுவிட்டது.

அன்று காலை அந்தப் படலத்தை நானும் பார்த்தேன். அதன் பொருள் எனக்கும் தெரிந்திருக்கவில்லை. பின்னர் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இரு சில்லு உழவு இயந்திரத்தை ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மேலிருந்து வரும் தண்டின் அடியில் ஒரு சிறிய பற்சில்லு உண்டு. அது முன்னோட்டத்துக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று என இரு பற்சில்லுகளைச் சுற்றுகிறது. லீவரைத் தள்ளும்போது அவற்றில் ஒன்று விசிறித் தண்டுடன் இணைகிறது. இவை யாவும் ஒயிலில் மூழ்கியிருக்கின்றன.

வித்தியாசம் ஒன்றுதான். உழவு இயந்திரத்தில் ஒழுக்கு ஏற்பட்டால் ஒயில் மட்டுமே போகும். இந்தப் பெட்டியோ கடலுக்குள் இருக்கிறது. ஓடும்போது சூடேறி ஒயில் விரிந்து வெளியே தள்ளப்படும். நிறுத்திக் குளிரும்போது அதே வழியால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். ஆகவே ஒயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பது பரிகாரமல்ல. அது நோயை மறைப்பதாகும்.

முதலில், அது கியர் ஒயில்தானா?

ஈரடிப்பு இயந்திரங்களில் எரியாத எரிபொருளும் ஒயிலும் கரியுடன் கலந்து புகைவழியால் வடிவதுண்டு. பல இயந்திரங்களில் புகை விசிறியின் நடுவாலேயே வெளியேறுவதால் கியர்ப் பெட்டிதான் ஒழுகுகிறதென்று தோன்றும். இந்த வடிசல் கறுப்பாக, ஐதாக இருக்கும், புகை மணக்கும். கியர் ஒயிலோ தடிப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். கந்தகம் போன்ற காரமான மணம் உடையது. சந்தேகமானால் இயந்திரத்தைத் தாங்கியில் நேராக நிறுத்தி, பெட்டியை நன்றாகத் துடைத்து, கீழே ஒரு மட்டையை விரித்து இரவு முழுவதும் விடுங்கள். எங்கே துளி விழுகிறது, எந்த நிறத்தில் விழுகிறது என்பதைக் காலையில் பார்க்கலாம்.

ஒயிலைச் சோதியுங்கள்

இரவு நிறுத்தி வைத்த இயந்திரத்தின் கீழ் ஆணியை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது. எனவே உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுவே வடியும். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்துவிட்டது. ஆணியின் முனையில் மாப்போன்ற சாம்பல் நிறப் பசை சிறிது இருப்பது வழமை. உலோகத் துண்டுகள் இருந்தால் பற்சில்லு உடைகிறதென்று பொருள். அந்த இயந்திரத்துடன் கடலுக்குப் போக வேண்டாம்.

பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

1. ஒயில் ஆணிகள் இரண்டினதும் வாசர்கள். இதுவே மிக மலிவான பழுது. எனவே இங்கிருந்து தொடங்குங்கள்.

2. விசிறித் தண்டின் சீல். விசிறியைக் கழற்றித் தங்கூசியோ வலை நூலோ சுற்றியுள்ளதா என்று பாருங்கள்.

3. விசிறித் தண்டைத் தாங்கும் உறையைச் சுற்றியுள்ள றப்பர் வளையம்.

4. கியர் மாற்றும் கம்பியின் சீல்.

5. நிலைத்தண்டின் சீல். இது தண்ணீர்ப் பம்புக்கு அடியில் மறைந்திருக்கும்.

பாறையில் அல்லது முருகைக்கல்லில் அடிபட்டிருந்தால் பெட்டியில் வெடிப்பு உண்டா என்றும் தேடுங்கள்.

காற்றுச் சோதனை

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கைக் காற்று காட்டித் தரும். முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். ஒயிலை வடித்து, கீழ் ஆணியைப் புதிய வாசருடன் பூட்டுங்கள். மேல் துவாரத்தின் புரிக்குப் பொருந்தும் குழாய் முனையைப் பூட்டி, அழுத்தமானி உள்ள கைப்பம்பினால் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் வரை காற்று அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் நல்ல சீலும் கெட்டுவிடும். காற்று அமுக்கி இயந்திரத்தை இதற்குப் பாவிக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். இடையில் நியூற்றலில் விசிறித் தண்டைக் கையால் சுற்றுங்கள்; கியர் லீவரையும் அசையுங்கள். முள் இறங்கினால், ஐந்து இடங்களிலும் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். குமிழி எழும் இடமே பழுதான இடம்.

மீண்டும் நிரப்புதல்

கையேட்டில் குறித்த ஒயிலையே பாவியுங்கள். பெரும்பாலும் அது 90 ஆம் இலக்கக் கியர் ஒயில். கீழ்த் துவாரத்தால் ஏற்றுங்கள். மேல் துவாரத்தால் குமிழியின்றி ஒயில் வந்ததும், முதலில் மேல் ஆணியையும் பின்னர் கீழ் ஆணியையும் பூட்டுங்கள். வாசர்கள் புதியனவாக இருக்கட்டும். ஒரு நாள் ஓடிய பின் மறுபடி சோதியுங்கள். மீண்டும் பால் நிறம் கண்டால் சீலை மாற்றும்வரை தொழிலை நிறுத்துவதே நல்லது. பழுதில்லாத இயந்திரத்திலும் 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்ற வேண்டும். பழைய ஒயிலைக் கடலில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து வையுங்கள்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலையை நாம் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஒரு வாசருக்காக வள்ளம் கரையில் கிடப்பதை நாம் தடுக்கலாம்.

அந்த இளையவர் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்க்கிறார். சங்கிலி இன்னும் அடைவில்தான் இருக்கிறது. உங்கள் வள்ளத்தைச் சுற்றி நாளைக் காலை எண்ணெய்ப் படலம் தெரிந்தால், ஒயில் போத்தலைத் தேடுவதற்கு முன் விசிறியைக் கழற்றுங்கள்.