வேலியில் பூத்தது எந்தச் செடி?

மழை பிடித்துச் சில வாரங்களில் வேலி ஓரத்தில் ஒரு கொடி தலை காட்டும். அதை யாரும் நட்டதில்லை. விதை போட்டதும் இல்லை. பக்கத்தில் உள்ள செம்பருத்தியையோ முருங்கையையோ பிடித்துக்கொண்டு ஆள் உயரம் ஏறிவிடும். பிறகு ஒருநாள் காலையில் தீக்கொழுந்து போல ஒரு பூ மலர்ந்திருக்கும். அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். இது என்ன செடி என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர் போன்ற எல்லை ஊர்களிலும் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர் "கார்த்திகைப் பூ" என்பார். திண்டுக்கல்காரர் "கண்வலிக் கிழங்கு" என்பார். நாட்டு வைத்தியம் தெரிந்த பெரியவர் "கலப்பைக் கிழங்கு" என்பார். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி "மேந்தோன்னி" என்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ "செங்காந்தள்" என்று பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொல்லும்.

ஐவர் சொல்வதும் சரியே. ஐந்தும் ஒரே செடியின் பெயர்கள்தான். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையில் முதலில் நிற்பதும் காந்தள்தான். இத்தனை பெருமை உள்ள பூவின் அடியில், மண்ணுக்குள், உயிரைக் குடிக்கும் கிழங்கு ஒன்று இருக்கிறது. ஆகவேதான் பெயர் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல.

அடையாளங்கள்

முதலில் இலையைப் பார்க்க வேண்டும். இலை நீண்டு, நுனியில் கம்பிச்சுருள் போலச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளைக் கொண்டுதான் கொடி பற்றி ஏறுகிறது. இலை நுனியே பற்றுக்கொடியாக மாறியிருக்கும் இந்த அமைப்பு, பூ இல்லாத நாளிலும் செடியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது பூ. ஆறு இதழ்கள்; ஓரங்கள் நெளிநெளியாக இருக்கும்; எல்லாம் பின்னோக்கி வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும். மலரும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடிப்பாகம் மஞ்சளும் நுனி சிவப்புமாக இருக்கும். நாள் ஆக ஆக முழுச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களைக் கண்டு, இரண்டு மூன்று செடிகள் பின்னிக் கிடக்கின்றன என்று நினைப்பவர்களும் உண்டு. பூவின் நடுவிலுள்ள சூல்தண்டு திடீரென்று பக்கவாட்டில் மடங்கியிருப்பது இன்னொரு அடையாளம். காய் பச்சையாக இருந்து, முற்றியதும் வெடித்து, செம்மணி போன்ற விதைகளைக் காட்டும்.

கிழங்கு, ஏர்க்கலப்பை போல இரண்டு கையாக வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்ததே. வடமொழியில் லாங்கலி என்று சொல்வதற்கும் அதே பொருள்தான்.

கிழங்கில் இருக்கிறது ஆபத்து

இச்செடியின் எல்லாப் பாகங்களிலும் கால்சிசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். சர்க்கரைவள்ளி போன்ற கிழங்கு என்று எண்ணிச் சமைத்துத் தின்று இறந்தவர்களைப் பற்றி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வேக வைத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறான எண்ணம். கால்சிசின் கொதிக்கும் நீருக்கு அழிவதில்லை.

தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. அடுத்த சில நாட்களில்தான் இருதயமும் சிறுநீரகமும் இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வது உண்டு. ஆகவே சந்தேகம் வந்த உடனேயே 108 ஆம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இலையோடும் பூவோடும் ஒரு துண்டுக் கொடியையும், மிச்சம் இருக்கும் கிழங்கையும் கையோடு எடுத்துச் செல்வது டாக்டருக்குப் பெரிய உதவி.

நஞ்சாகும் அதே பொருள் அளவறிந்து கொடுத்தால் மருந்தாகிறது. கவுட் என்னும் மூட்டு வீக்க நோய்க்குக் கால்சிசின் மாத்திரை கொடுக்கப்படுகிறது. இதற்கென்றே திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக் கிழங்கைப் பயிராக்கி, விதையை விற்கிறார்கள். அதற்காக வீட்டில் யாரும் கைவைத்தியம் செய்து பார்க்கக் கூடாது.

பெயர் தேடிய கதை

ஆளுக்கொரு பெயர் சொல்லும் இந்தக் குழப்பம் இன்று வந்ததல்ல. 350 ஆண்டுகளுக்கு முன் கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீட், மலையாள நாட்டுச் செடிகளை எல்லாம் அடையாளம் கண்டு எழுத விரும்பினார். சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்ப அறிவை எடுத்துச் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூவரும் உதவினர். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதில் சொல்லப்பட்ட செடிகள் 742. நம் வேலிச் செடியும் மேந்தோன்னி என்ற நாட்டுப் பெயரோடு அதில் இருக்கிறது.

பின்னர் 1753-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சுப்பெர்பா என்று பெயர் வைத்தார். எந்த ஊரில் எந்தப் பெயரால் அழைத்தாலும், இந்த ஒரு பெயரைச் சொன்னால் உலகம் முழுவதும் ஒரே செடியைத்தான் குறிக்கும். லத்தீனில் இருந்த அந்தப் பழைய நூலை, பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாள் உழைப்பால் ஆங்கிலத்திலும் (2003) மலையாளத்திலும் (2008) கொண்டுவந்தார். அவர் 2025 ஜனவரி 1 அன்று காலமானார்.

யாரிடம் காட்டுவது?

பெயர் தெரியாத செடி எதுவானாலும் வழி ஒன்றுதான். இலை, பூ, காய் மூன்றும் உள்ள ஒரு கிளையை எடுத்து, பழைய செய்தித்தாள்களின் இடையில் விரித்து வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள். தினமும் தாளை மாற்றினால் பூஞ்சை பிடிக்காமல் காயும். காய்ந்தால் நிறம் மங்கிவிடும். ஆகவே பூவின் நிறம், செடியின் உயரம், ஊர், தேதி ஆகியவற்றை அன்றே ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

பாலக்காட்டில் அரசு விக்டோரியா கல்லூரியில் தாவரவியல் துறை இருக்கிறது. திருச்சூர் மாவட்டம் பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் உள்ளது. கோயமுத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்ந்த செடி மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. செல்போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. தேடத் தொடங்குவதற்கு அது உதவும். அதை மட்டும் நம்பி எதையும் அடுப்பில் ஏற்றுவது ஆபத்து.

முக்கியமாக ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் காந்தள் கொடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். வெயில் காலத்தில் வீடு மாறி வருகிற புதுக் குடும்பத்தார், தோட்டம் கொத்தும்போது அது கையில் கிடைக்கும். அப்போது அடையாளம் காட்ட இலையும் இராது, பூவும் இராது. ஆகவே பூத்திருக்கும் போதே அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். லயத்தை விட்டோ வாடகை வீட்டை விட்டோ போகும்போது, அடுத்து வருகிறவரிடம் சாவியோடு இந்தச் செய்தியையும் சொல்லிவிட்டுப் போங்கள்.